பேக்கப் எடுப்பதும் அதைத் திறந்து பார்ப்பதும்

மூன்றிலிருந்து பத்துக் கணினி வரை வைத்திருக்கும் அலுவலகங்களுக்கான அத்தியாயம் இது. ஆடிட்டர் அலுவலகம், மொத்த வியாபாரக் கடை, கிளினிக், வழக்கறிஞர் அறை, சின்ன பனியன் கம்பெனி என்று எதுவாகவும் இருக்கலாம். இங்கெல்லாம் ஐ.டி. துறை என்று ஒன்று கிடையாது. கணினி மக்கர் செய்தால் சர்வீஸ் ஆள் வருவார். அவர் வரும் வரை எல்லாரும் டீ குடிப்பார்கள். பேக்கப் எடுக்கும் வேலை பெரும்பாலும் கணக்கு எழுதுபவர் தலையில் விழும். அவரை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

கோட்பாட்டுக்கு ஒரு பத்தி போதும். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். ஐந்து விதமாக பேக்கப் ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒன்றுகூட ஒழுங்காகக் கைகொடுக்கவில்லை. பேக்கப் தோற்றுப்போனதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் யாருக்கும் போய்ச் சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக ஒருவர் எடுத்திருந்த நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. தென்கொரியாவின் டேஜோன் நகரில் 2025 செப்டம்பர் 26 அன்று அரசுத் தரவு மையம் தீப்பிடித்தபோது, அரசு ஊழியர்கள் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவின் 858 டெராபைட் தரவு போய்விட்டது. அதற்கு வெளியே நகலே இல்லை. பெரிய இடங்களின் கதை என்று ஒதுக்க வேண்டாம். நகல் வேறு இடத்தில் இருக்க வேண்டும், அதை ஒருமுறையாவது திறந்து பார்த்திருக்க வேண்டும் என்ற இரண்டும் உங்கள் அலுவலகத்துக்கும் பொருந்தும்.

முதல் வேலை: எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல்

ஹார்ட் டிஸ்க் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு கணினி முன்னாலும் உட்காருங்கள். அரை நாள் ஆகும். இந்த அரை நாளைத் தவிர்ப்பவர்கள்தான் பிறகு “எல்லாம் எடுத்தோமே, இது மட்டும் எப்படி விட்டுப்போச்சு?” என்று கேட்கிறார்கள்.

1. கணக்கு மென்பொருள். டேலி என்றால் எந்தக் கணினியில், எந்தக் கோப்புறையில் தரவு இருக்கிறது என்று எழுதுங்கள். கம்பெனிகளின் தரவு, எண்ணையே பெயராகக் கொண்ட கோப்புறைகளில் இருக்கும். எந்த எண் எந்தக் கம்பெனி என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள்.

2. பில்லிங் மென்பொருள், கிளினிக் மென்பொருள். இவை பெரும்பாலும் பின்னால் ஒரு தரவுத்தளத்தை வைத்து ஓடுகின்றன. ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளக் கோப்பை அப்படியே காப்பி செய்வது நம்பகமானதல்ல. மென்பொருளிலேயே பேக்கப் எடுக்கும் வசதி இருக்கும். விற்றவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: பேக்கப் கோப்பு எங்கே போய் விழுகிறது? நீங்கள் வராமல் நாங்களே அதை மீட்க முடியுமா? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால், அடுத்த ஆண்டு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3. டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும். பொதுக் கோப்புறை என்று ஒன்று வைத்திருப்பீர்கள்; உண்மையான வேலை டெஸ்க்டாப்பில் நடக்கும். வங்கியிலிருந்து இறக்கிய ஸ்டேட்மென்ட், ஸ்கேன் செய்த பத்திரம், ‘புதிய கோப்புறை (3)’ எல்லாம் அங்கேதான் கிடக்கும்.

4. வாட்ஸ்அப். வாடிக்கையாளர் பில்களை அனுப்புவது இதில்தான். கைப்பேசியிலிருந்து அழிந்த பழைய கோப்பைத் திரும்ப இறக்க முடியாமல் போகும். வந்த அன்றே அந்த வாடிக்கையாளரின் கோப்புறையில் சேமிப்பது என்று அலுவலக வழக்கமாக்கிவிடுங்கள்.

5. மின்னஞ்சல். அவுட்லுக் வைத்திருந்தால், கணினியிலேயே இருக்கும் அஞ்சல் கோப்பைத் தேடிக் குறியுங்கள். அவுட்லுக் திறந்திருக்கும்போது அந்தக் கோப்பு பூட்டப்பட்டிருக்கும், காப்பி ஆகாது.

6. காப்பி எடுக்க முடியாதவை. டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இதில் முக்கியம். அதற்குள் இருக்கும் ரகசியச் சாவியை நகலெடுக்க முடியாதபடிதான் அது செய்யப்பட்டிருக்கிறது. தொலைந்தால் புதிதாக வாங்க வேண்டியதுதான். யாருடைய டோக்கன், எப்போது காலாவதி, யாரிடம் வாங்கியது என்று எழுதி வையுங்கள். மென்பொருள் உரிம எண்கள், ஓ.டி.பி. எந்தக் கைப்பேசி எண்ணுக்கு வரும் என்ற விவரம் ஆகியவையும் இதே பக்கத்தில் வரட்டும்.

குறிப்பு: டேலியில் ‘டேலிவால்ட்’ கடவுச்சொல் போட்டிருந்தால் அதைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, முதலாளியின் பீரோவில் வையுங்கள். அது மறந்துபோனால் எத்தனை பேக்கப் இருந்தாலும் தரவைத் திறக்க வழியில்லை.

எவ்வளவு போனால் தாங்கும்?

ஒரு நாள் பதிவு போனால் வவுச்சர்களை வைத்து மறுபடி டைப் செய்துவிடலாம் என்றால் தினமும் ஒரு பேக்கப் போதும். கவுன்டரில் நாளெல்லாம் பில் போடும் கடைக்கு இது போதாது. மதியம் ஒன்று, கடை மூடும்போது ஒன்று. வாரம் ஒன்று என்பது எந்த அலுவலகத்துக்கும் பொருந்தாது.

நீங்கள் பதிவு பெற்ற கம்பெனி என்றால் இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. மின்னணு முறையில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப், இந்தியாவில் உள்ள சர்வரில் தினந்தோறும் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதியைத் திருத்திவிட்டார்கள். கிளவுட் சேவை எடுக்கும்போது சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வாங்க வேண்டியவை

இந்தத் துறையில் 3-2-1 என்று ஒரு கணக்கு உண்டு: மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வெளியிடத்தில். சிறு அலுவலகத்துக்கு அதை இப்படிச் செய்யலாம். கணினியில் இருப்பது முதல் பிரதி. எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்கி, ஒன்றை அலுவலகத்திலும் மற்றதை முதலாளி வீட்டிலும் மாறிமாறி வைப்பது இரண்டாவது. கிளவுட் மூன்றாவது.

பென் டிரைவை நம்ப வேண்டாம். கோப்பை எடுத்துப்போக அது சரி, வைத்துக் காக்க அல்ல. சட்டைப் பையோடு வாஷிங் மெஷினுக்குள் போவது ஒரு பக்கம். பல பென் டிரைவ்கள் பழைய ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும், அதில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பு ஏறவே ஏறாது. மெயின் கணினிக்கு யு.பி.எஸ். இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்குக்கு முன்னால் அதை வாங்குங்கள். பதிவு ஏறிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் கணக்குத் தரவு கெட வாய்ப்பு உண்டு. கெட்ட தரவை பேக்கப் எடுத்தும் பயனில்லை.

வெளியிடம் என்றால் எவ்வளவு தூரம்? தீ விபத்துக்கும் திருட்டுக்கும் அடுத்த தெரு போதும். வெள்ளத்துக்குப் போதாது. 2023 டிசம்பரில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது, அங்கே கடையும் வீடும் ஒரே ஊரில் இருந்தால் இரண்டும் ஒன்றாகத்தான் மூழ்கும். அதனால்தான் கிளவுட் பிரதியைச் செலவைப் பார்த்துத் தள்ளிப்போடக் கூடாது என்கிறேன். வீடு மாடியில் இருந்தால் டிஸ்க்கை மாடியில் வைப்பது செலவில்லாத பாதுகாப்பு.

அன்றாட வரிசை

மெயின் கணினியின் பக்கத்தில் ஒட்டி வைக்க வேண்டிய படிகள் இவை.

1. மாலை வேலை முடிந்ததும் எல்லாரும் டேலியையும் அவுட்லுக்கையும் மூடட்டும். ஒருவர் திறந்து வைத்திருந்தாலும் நகல் அரைகுறையாக வரக்கூடும்.

2. மெயின் கணினியில் மட்டும் டேலி பிரைமைத் திறந்து ஆல்ட் + ஒய் அழுத்தி, பேக்கப்பைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய தேதியில் ஒரு கோப்புறை செய்து அதற்குள் எடுங்கள்.

3. கோப்புறைக்குப் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையில் இருக்கட்டும்: 2025-11-22. இப்படி வைத்தால் கணினியே தேதி வரிசையில் அடுக்கிவிடும். ‘புதுசு’, ‘கடைசி’, ‘கடைசி ஒரிஜினல்’ என்ற பெயர்கள் ஒரு மாதத்தில் யாருக்கும் புரியாது.

4. இப்போது எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகுங்கள். தேதிக் கோப்புறை, பொதுக் கோப்புறை, பட்டியலில் உள்ள மற்றவை எல்லாவற்றையும் காப்பி செய்யுங்கள்.

5. அளவைப் பாருங்கள். நேற்று 180 எம்.பி. இருந்தது இன்று 2 கே.பி. என்று காட்டினால் எடுத்தது வெற்றுக் கோப்பு. பத்து விநாடி வேலை, விட்டுவிடாதீர்கள்.

6. ‘சேஃப்லி ரிமூவ்’ கொடுத்து டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.

7. நோட்டில் தேதி, அளவு, கையெழுத்து.

8. திங்கட்கிழமை மட்டும் கூடுதலாக ஒன்று: வீட்டில் இருக்கும் டிஸ்க் அலுவலகத்துக்கு வரும், இங்கே இருப்பது வீட்டுக்குப் போகும். ஒன்றில் சிவப்பு ஸ்டிக்கர், மற்றதில் பச்சை ஒட்டிவிட்டால் குழப்பம் இருக்காது.

தானாகவே ஓடும் மென்பொருள் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம். ஆனால் அது ஓடியதா என்று தினமும் பார்க்க ஒருவர் வேண்டும். கிட்லேப்பில் இல்லாமல்போனது அந்த ஒருவர்தான். பொறுப்பாளர் லீவு போடும் நாளுக்கு மாற்றாள் யார் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள்.

டிஸ்க்குக்குப் பூட்டு

எடுத்துச் செல்லும் டிஸ்க்கில் வாடிக்கையாளர்களின் பான் எண், ஆதார் நகல், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். அதைப் பேருந்தில் தவறவிட்டால் உங்களுடைய நஷ்டத்தோடு முடியாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்யாமல் இருப்பதற்கான அபராதத்தின் உச்ச வரம்பு 250 கோடி ரூபாய்.

விண்டோஸ் புரோ பதிப்பில் பிட்லாக்கர் இருக்கிறது. டிஸ்க்கின் மேல் வலது கிளிக் செய்து அதை இயக்கலாம். அப்போது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்று வரும். அச்செடுத்து, டேலிவால்ட் உறையோடு வையுங்கள். சாவியை அதே டிஸ்க்கிலோ அதே கணினியிலோ சேமிப்பவர்கள் உண்டு. சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் செய்வார்கள். ஹோம் பதிப்பில் டிஸ்க்கை பிட்லாக்கரால் பூட்டும் வசதி கிடையாது. அங்கே 7-ஜிப் மென்பொருளில் கடவுச்சொல் போட்டுச் சுருக்கி வைக்கலாம்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

• டி டிரைவில் ஒரு காப்பி போட்டுவிட்டு பேக்கப் என்பது. பெரும்பாலான கணினிகளில் சி, டி இரண்டும் ஒரே டிஸ்க்கின் இரண்டு பகுதிகள். டிஸ்க் போனால் இரண்டும் போகும்.

• எக்ஸ்டர்னல் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைப்பது. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வந்தால், செருகியிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பூட்டும். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை ஒரு கணினியிலிருந்து வலையமைப்பு வழியாக அடுத்ததற்குத் தானே தாவியது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதற்கு இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதிலேயே ஓட்டுபவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

• ‘கூகுள் டிரைவில்தான் இருக்கிறதே’ என்று இருந்துவிடுவது. கணினியோடு ஒத்திசைந்து ஓடும் கோப்புறை வசதியானதுதான். ஆனால் நீங்கள் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு இல்லை. மார்ச்சில் அழிந்த கோப்பைச் செப்டம்பரில் ஆடிட்டின்போது தேடுவதுதான் நம் வழக்கம்.

• கிளவுட் கணக்கு ஊழியரின் சொந்த ஜிமெயிலில் இருப்பது. அவர் வேலையை விட்டுப் போன அன்று உங்கள் பேக்கப்பும் கூடவே போகிறது. அலுவலகப் பெயரில் ஒரு கணக்கு, இரட்டைச் சரிபார்ப்பு, அதற்கான மீட்புக் குறியீடுகள் தாளில் என்று இந்த மூன்றையும் ஒரே நாளில் செய்துவிடுங்கள்.

• ஒரே கோப்பின் மேல் தினமும் எழுதுவது. திங்களன்று கெட்டுப்போன தரவு செவ்வாயன்று நல்ல நகலின் மேல் ஏறிவிடும். குறைந்தது கடைசி ஏழு நாள், ஒவ்வொரு மாதக் கடைசி, ஒவ்வொரு மார்ச் 31 ஆகியவற்றைத் தனித்தனியே வையுங்கள்.

மீட்டுப் பார்க்கும் நாள்

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஜி.எஸ்.டி. 3பி தாக்கல் செய்யும் அலுவலகத்தில் 20ஆம் தேதி வரை யாரையும் தொட முடியாது. அது தாண்டிய முதல் சனிக்கிழமையை வைத்துக்கொள்ளுங்கள்.

1. பேக்கப் எடுக்கும் கணினியில் இதைச் செய்யாதீர்கள். வேறொரு கணினி அல்லது மடிக்கணினி வேண்டும். மெயின் கணினி செத்துப்போன அன்றும் உங்களுக்குக் கிடைக்கப்போவது வேறொரு கணினிதான்.

2. வீட்டில் இருக்கும் டிஸ்க்கை வரவழையுங்கள். சோதிக்க வேண்டியது அதைத்தான்.

3. பிட்லாக்கர் கடவுச்சொல் அல்லது மீட்புச் சாவியை உறையைப் பிரித்து, தாளைப் பார்த்து அடியுங்கள். ஒரு இலக்கம் தவறாக அச்சாகியிருந்தால் இன்று தெரிவது நல்லது.

4. டேலியில் மீட்பதற்கு முன் புதிதாக ஒரு காலிக் கோப்புறை செய்து, சேருமிடமாக அதைக் காட்டுங்கள். எச்சரிக்கை: ஏற்கெனவே கம்பெனி இருக்கும் இடத்திலேயே மீட்டால், பழைய பேக்கப் இன்றைய கணக்கின் மேல் ஏறி அதை அழித்துவிடும். திரையில் வரும் எச்சரிக்கையைப் படிக்காமல் ‘ஒய்’ அழுத்தும் பழக்கம் நம் எல்லாருக்கும் இருக்கிறது. இங்கே மட்டும் கையை எடுத்துவிட்டுப் படியுங்கள்.

5. திறந்ததும் மூன்றைப் பாருங்கள்: ட்ரயல் பேலன்ஸ் மொத்தம், கடைசி வவுச்சர் எண், வங்கி இருப்பு. பேக்கப் தேதியன்று இவை எவ்வளவு என்று நோட்டில் எழுதியிருந்தால் ஒப்பிடச் சுலபம்.

6. பொதுக் கோப்புறையிலிருந்து மூன்று கோப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள்: ஒரு எக்செல், ஒரு ஸ்கேன், ஆறு மாதம் பழைய ஒரு கடிதம். திறந்து கடைசிப் பக்கம் வரை போங்கள். பெயர் இருப்பதால் உள்ளே பொருள் இருக்கிறது என்று அர்த்தமில்லை.

7. கிளவுடிலிருந்தும் ஒரு கோப்புறையை இறக்கிப் பாருங்கள். உங்கள் இணைய வேகத்தில் மொத்தத்தையும் இறக்க எத்தனை நாள் ஆகும் என்பது அப்போது விளங்கும்.

8. ஆரம்பித்த நேரம், முடிந்த நேரம், எங்கே சிக்கியது ஆகிய மூன்றையும் எழுதிவிட்டு, சோதனைக்காக இறக்கிய நகல்களை அந்தக் கணினியிலிருந்து அழியுங்கள்.

முதல்முறை ஏதாவது ஒன்று கட்டாயம் சிக்கும். சாதாரணமாக அது கடவுச்சொல்லாகவோ, புதுக் கணினியில் பில்லிங் மென்பொருளின் உரிமமாகவோ இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தச் சனிக்கிழமை.

ஏதாவது நடந்துவிட்டால்

*ரேன்சம்வேர்.* கோப்புகளின் பெயர் மாறியிருக்கிறது, எதுவும் திறக்கவில்லை, திரையில் பணம் கேட்கும் செய்தி. முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். மற்ற கணினிகளிலும் அப்படியே. துண்டிக்க வழியில்லாமல் கோப்புகள் கண்ணெதிரே மாறிக்கொண்டிருந்தால் மட்டும் கணினியை நிறுத்துங்கள். அடுத்து, பேக்கப் டிஸ்க்கை எடுத்து வந்து செருகாதீர்கள். பதற்றத்தில் பலர் செய்வது இதைத்தான். கடைசி நல்ல நகலும் அங்கே போய்விடும். திரையைக் கைப்பேசியில் படம் எடுங்கள். சர்வீஸ் ஆள் வந்ததும் ஃபார்மட் போடத் துடிப்பார், நிறுத்துங்கள். புகாருக்கும் விசாரணைக்கும் அந்த டிஸ்க் வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணமும் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள். நிறுவனங்கள் இத்தகைய சம்பவத்தை அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் இணையப் பாதுகாப்புக்கான மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் மாத உத்தரவு. ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் பங்கேற்கும் ‘நோ மோர் ரேன்சம்’ தளத்தில் சில வகைகளுக்கு இலவசச் சாவி கிடைக்கிறது. உங்களுடையது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய டிஸ்க்கில் விண்டோஸை முதலிலிருந்து நிறுவி, எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றிய பிறகுதான் பேக்கப்பைச் செருகும் நேரம் வரும்.

*டிஸ்க்கிலிருந்து ‘டிக் டிக்’ சத்தம்.* உடனே நிறுத்துங்கள். இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம் என்ற ஒவ்வொரு தடவையும் மீட்கக்கூடியது குறைகிறது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுக்கும் வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

*தண்ணீரில் நனைந்தால்.* கரன்ட் கொடுக்காதீர்கள், ஹேர் டிரையரால் காயவைக்காதீர்கள். அதில் இருப்பது வேறெங்கும் இல்லை என்றால் தரவு மீட்கும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள். வேறு நகல் இருந்தால் அந்த டிஸ்க்கை மறந்துவிடலாம்.

எத்தனை வருடம் வைக்க வேண்டும்?

ஜி.எஸ்.டி. சட்டப்படி, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யும் கெடு தேதியிலிருந்து 72 மாதம். 2024-25 கணக்கின் கெடு 2025 டிசம்பர் 31. ஆகவே 2031 டிசம்பர் வரை அந்தத் தரவைத் திறக்க முடிய வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ நடந்தால் இன்னும் நீளும். கம்பெனிகளுக்கு 8 நிதியாண்டு. தரவு மட்டும் இருந்து, அதைத் திறக்கும் பழைய மென்பொருள் இல்லாமல் போவதும் உண்டு. அதனால் ஆண்டுக் கணக்கு முடிந்ததும் லெட்ஜர், டே புக், ட்ரயல் பேலன்ஸ் மூன்றையும் பி.டி.எஃப். ஆகவும் எடுத்து வையுங்கள்.

காலம் முடிந்த டிஸ்க்கை பழைய கணினியோடு சேர்த்து எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். குவிக் ஃபார்மட் போட்ட டிஸ்க்கிலிருந்து கோப்புகளைத் திரும்ப எடுக்க இலவச மென்பொருளே போதும். முழுவதும் மேலெழுதி அழியுங்கள்; ஓடாத ஹார்ட் டிஸ்க் என்றால் டிரில்லிங் மெஷினால் உள்ளே இருக்கும் தட்டு வரை ஓட்டை போட்டு, பிறகு மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.